நட்பு இருக்கை (சிம்பாப்வே)

நட்பு இருக்கை என்பது சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மனச்சோர்வுச் சிகிச்சைத் திட்டம் ஆகும். சுகாதார நிலைய வளாகத்தில் போடப்பட்ட மர இருக்கையில் பயிற்சி பெற்ற மூதாட்டி ஒருவர் நோயாளியோடு அமர்ந்து பேசுவதே இதன் வடிவம். பார்வைக்கு எளிய இம்முறை, புதிய மருந்துகளுக்குச் செய்யப்படும் அதே கடுமையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்பட்டது.

தோற்றம்

2005இல் சிம்பாப்வே அரசு நகரக் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தோர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. நாட்டில் இருந்த உளமருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணமான 15 டாலர் அக்குடும்பத்திடம் இருக்கவில்லை. சிகிச்சை இருந்தது, அது இருந்த இடத்துக்கு வர வழியில்லை. திட்டத்தின் தொடக்கத்தை விளக்கும்போது சிபாண்டா இந்நிகழ்வையே கூறுகிறார்.

ம்பாரே பகுதிச் சுகாதார நிலையத்தில் அவருக்குத் தனி அறையோ செவிலியரோ கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். சமூக நலப் பணியாளர்கள். ஆகவே சிகிச்சை மரத்தடி இருக்கைக்கு வந்தது. முதலில் இதற்கு 'மனநல இருக்கை' என்று பெயர். அப்பெயரைக் கேட்டு யாரும் உட்கார முன்வரவில்லை. 'நட்பு இருக்கை' என மாற்றச் சொன்னவர்கள் பாட்டிமாரே. 'மனச்சோர்வு' என்னும் மருத்துவச் சொல்லுக்குப் பதிலாக, 'அளவுமீறி எண்ணுதல்' என்ற பொருளுடைய 'குஃபுங்கிசிசா' என்னும் சோனா மொழிச் சொல்லே புழங்கியது.

முறை

இங்குக் கையாளப்படுவது சிக்கல் தீர்க்கும் சிகிச்சை. இது ஹராரேயில் பிறந்ததன்று. லேசான மருந்துக்கு நிகராக அன்றி, அமிட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மருந்துக்கே நிகராக இது பயனளித்ததை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1995இல் காட்டியிருந்தனர்.

முதலில் 14 கேள்விகள் கொண்ட சோனா வினாநிரல். பிறகு நோயாளி தம் சிக்கல்களைச் சொல்கிறார். வேலையின்மை, வாடகைப் பாக்கி, குடும்பப் பிணக்கு என மூன்று இருந்தால், அவற்றுள் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு செயலை முடிவு செய்கிறார். பாட்டி அறிவுரை சொல்லக்கூடாது. பேரப்பிள்ளை வயதினரிடம் பேசும் பாட்டிக்குப் பயிற்சியிலேயே கடினமான பாடம் இதுவாகத்தான் இருந்திருக்கும். மொத்தம் ஆறு சந்திப்புகள்.

ஆய்வுகள்

2011இல் வெளியான முதல் ஆய்வில் 320 பேரின் சராசரி அறிகுறி மதிப்பெண் 11.3இலிருந்து 6.5ஆகக் குறைந்தது. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. மனச்சோர்வு பலருக்குக் காலப்போக்கில் தானாகவும் தணியும் என்பதால், இக்குறைவு இருக்கையால் வந்தது என்று அறுதியிட முடியாது. வெற்றி என அறிவித்து நிறுத்திக்கொள்ளாதது இக்குழுவின் சிறப்பு.

அடுத்து ஹராரேயின் 24 சுகாதார நிலையங்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 12இல் இருக்கை, மற்ற 12இல் சற்று மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு. 573 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வு அறிகுறி இருந்தோர் இருக்கைக் குழுவில் 13.7 விழுக்காடு, மற்றதில் 49.9 விழுக்காடு. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2016 டிசம்பரில் இம்முடிவுகள் வெளியாயின. பின்னர் மலாவி, சான்சிபார், நியூயார்க் ஆகிய இடங்களுக்கும் இம்முறை சென்றது.

முடிவுகளைப் படிக்கையில் யார்மீது சோதித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இடைநிலை வயது 33. எனவே இருபது வயது இளைஞர் ஒருவருக்கு இந்த எண்களை அப்படியே பொருத்திவிட முடியாது. தற்கொலை நோக்கம் வெளிப்பட்டவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. பேருந்துக் கட்டணமின்றி இறந்த அப்பெண்ணின் நிலையில் இருப்போரை இந்த இருக்கை மட்டும் காக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அத்தகையோரைக் கண்டறிந்ததும் பாட்டி தம் மேற்பார்வையாளர் வழியே சிறப்பு மருத்துவத்துக்கு அனுப்புகிறார்.