முன்சீப்பின் நாற்காலியும் நாவலாசிரியரின் விசுவாசமும்: விக்கிரமபுரிப் பகுதியை மறுபடி வாசித்தல்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) சமயத்தை ஒதுக்கி வைத்த நூல் என்பது ஆய்வுலகில் ஏறக்குறைய தீர்ந்துபோன வழக்காகிவிட்டது. கதையின் நடுவே மாதா கோயில் இல்லை, பூசை இல்லை, முதன்மைப் பாத்திரங்களில் ஒருவரும் கிறிஸ்தவர் அல்லர். ஆகவே பிறப்பால் கத்தோலிக்கரான ஆசிரியர் தம் விசுவாசத்தைச் செய்யுளுக்கு விட்டுவிட்டு, உரைநடையில் பொது நீதியை மட்டும் வைத்தார் என்று முடிவு கட்டுகிறார்கள். அரசு ஊழியருக்குரிய நடுநிலை, சைவ வாசகர்களின் மனம் கோணக் கூடாதென்ற எச்சரிக்கை என்று இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டுமே நிற்கா என்று கருதுகிறேன்.

முதல் காரணத்தைக் காலமே தள்ளிவிடுகிறது. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முன்சீப்பாக இருந்தவர் 1872இல் பதவி நீங்கினார். நாவல் அச்சேறியது அதற்கு ஏழாண்டுகள் கழித்து. எழுதிய காலத்தை 1857 வரை பின்னுக்குக் கொண்டுபோவோர் உண்டு. அது உண்மையானாலும், எதை வைப்பது, எதை விடுவது என்ற இறுதி முடிவு 1879இல் எடுக்கப்பட்டதுதான். அப்போது காக்க வேண்டிய முன்சீப் நாற்காலி அவரிடம் இல்லை. இரண்டாவது காரணம் இதைவிட மெலிந்தது. தேவமாதா அந்தாதியையும் பெரியநாயகி அம்மை பதிகத்தையும் 1873இலேயே தம் பெயரில் வெளியிட்டவர், ஆறாண்டுகள் கழித்து யாரிடம் எதை மறைக்கப் போகிறார்? திருவாவடுதுறை ஆதீன வட்டத்தில் அவர் கிறிஸ்தவர் என்பது ஊரறிந்த செய்தி. அறிந்தேதான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடினார்.

ஒதுக்கல் வாதத்துக்கு வலுவூட்டுவது பெரும்பாலும் உ.வே.சாமிநாதையரின் நினைவுகளே. 'என் சரித்திரத்தில்' வரும் வேதநாயகம் பிள்ளை புலவர்களின் நண்பர், தமிழபிமானி, ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் பாடியவர். அவருடைய செபம், ஞாயிறு, கோயில் பற்றி ஐயர் பெரிதாகப் பேசுவதில்லை. இந்த மௌனத்தை அந்த மனிதரின் மௌனமாக எடுத்துக்கொள்வது சாட்சியை அளவுக்கு மீறி இழுப்பதாகும். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஐயர், இவற்றை 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். இடையில் பல பத்தாண்டுகள். மனிதர்களை அவர்களுடைய தமிழைக் கொண்டே நினைவில் வைப்பது அவர் வழக்கம். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரையும் அவர் நினைப்பது சீவக சிந்தாமணியைக் கேட்டவர் என்றுதான். சைவ அந்தணரான ஐயரைச் சமணக் காப்பியத்துக்குத் திருப்பிவிட்டது அந்தக் கேள்வி. இந்தக் காவிரி டெல்டாவில் சமயம் கடந்து தமிழ் பேசுவது அன்றாட நடப்பு; அதனால் யாரும் தம் சமயத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் நாவலில் விசுவாசம் எங்கே? விக்கிரமபுரிப் பகுதியில் என்பது என் விடை. வழி தவறி அந்நகரம் போய்ச் சேரும் கதாநாயகன் பிரதாபன், செருப்புத் தைப்பவன் ஒருவனுடைய பொய் வழக்கில் சிக்கிச் சிறைப்படுகிறான். அவனைத் தேடி வீட்டை விட்டுப் புறப்படும் மனைவி ஞானாம்பாள் ஆண் வேடம் பூணுகிறாள். பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, அந்நகரின் அரசாகிறாள், கணவனை மீட்கிறாள், ஆள்கிறாள், பிறகு ஆட்சியைத் துறந்து ஊர் திரும்புகிறாள்.

தேடி வருபவர் தம் உருவை மறைத்து வருகிறார்; நியாயம் கெட்ட நகரில் நீதியாசனத்தில் அமர்கிறார்; சிறைப்பட்டவரை விடுவிக்கிறார். ஞானோபதேசம் படித்து வளர்ந்த ஒருவருக்கு இந்த வரிசை எதை நினைவூட்டும் என்று விளக்கத் தேவையில்லை. ஞானாம்பாளைக் கிறிஸ்துவின் உருவகம் என்று சொல்ல நான் துணியவில்லை; நூலில் அதற்கு நேர்ச்சான்று கிடையாது. ஆனால் கதை நகரும் தடம் தற்செயலாக அமைந்தது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

யானை மாலையிடுவது நாட்டார் கதை, கணவனை மீட்பது பத்தினிக் கதை என்ற மறுப்பு உடனே எழும். உண்மைதான். யானையை நாட்டார் கதை கொடுத்தது; முடிசூட்டலுக்குப் பிந்தைய பக்கங்களை அது கொடுக்கவில்லை. மாலை விழுந்ததும் பாட்டி கதை முடிந்துவிடும். வேதநாயகம் பிள்ளைக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது: அதிகாரிகளின் ஒழுங்கு, நீதிமன்றங்களின் நடப்பு, ஆள்பவரின் கடமை என்று பக்கங்கள் நீள்கின்றன. கதைச்சுவை குன்றுகிறது என்று விமர்சகர்கள் குறைபட்டுக்கொள்ளும் இடமும் இதுவே. குறைபாடு நியாயமானது. ஆனால் ஆசிரியரின் மனம் முழுதாக வெளிப்படுவதும் அங்கேதான். தீர்ப்புச் சொல்பவரும் ஒருநாள் தீர்ப்புக்கு நிற்க வேண்டியவர் என்ற எண்ணம் அப்பக்கங்களின் அடியில் ஓடுகிறது. கத்தோலிக்கர் பொதுத்தீர்வை என்று அறிந்திருப்பதை முன்சீப் ஒருவர் தம் நாற்காலியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் எழுதுவார். யமதர்மன் கணக்கும் சைவர்களுக்கு உண்டே என்பார்கள். உண்டு, அந்தக் கணக்கைக் கச்சேரி நடைமுறையோடு பொருத்திக் காட்டிய வேறொரு தமிழ்க் கதை அக்காலத்தில் இல்லை.

இந்த எண்ணம் 1879இல் திடீரென்று முளைத்ததன்று. 1859இல் வந்த நீதிநூல் இறைவனில் தொடங்கிக் கைக்கூலி வாங்குவோர் வரை வருகிறது. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று அவர் தமிழாக்கியதையும் சட்டத் தமிழின் கணக்கில் மட்டும் வரவு வைக்கக் கூடாது. கட்சிக்காரனுக்குப் புரியாத ஆங்கிலத்தில் வழக்காடுவதை நாவல் கண்டிக்கிறது. லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவர் அதை எழுதும்போது வேறேதும் நினைத்தாரா என்ற கேள்வி எனக்கு உண்டு; கேள்வியாகவே விடுகிறேன்.

1876–78 பஞ்சத்தில் மாயூரத்தில் அவர் கஞ்சி வார்த்ததும், அதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியதும் அறிந்தவையே. பஞ்சத்தைப் பாடும் பாடல்கள் அடங்கிய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878இல் வந்தது. அடுத்த ஆண்டு நாவல். இவ்வளவு நெருங்கிப் பிறந்த இரண்டு நூல்களில் ஒன்றை இசைக்காரர்களுக்கும் மற்றதை நாவல் வரலாற்றுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். 1873ஆம் ஆண்டின் மாதா பாடல்கள் கிறிஸ்தவ இலக்கியம் என்ற அலமாரிக்குள் போய்விட்டன. ஒதுக்கல் வாதம் இந்தப் பங்கீட்டிலிருந்து பிறந்தது, நூலிலிருந்து அல்ல. நீதிநூல், சித்தாந்த சங்கிரகம், மாதா பாடல்கள், கீர்த்தனை, நாவல் ஆகியவற்றைக் கால வரிசையில் ஒரே தொகுதியாகப் பதிப்பிக்கும் பணியைக் காவிரிக் கரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் முன்வந்து ஏற்க வேண்டும்.