பின்னே நின்றவர்களின் பங்கு



சிக்லாகு எரிந்து, மனைவி மக்கள் சிறைப்பட்டுப் போன நாளில் தாவீது அறுநூறு பேருடன் அமலேக்கியரைத் தொடர்ந்தான். பேசோர் ஆற்றண்டை இருநூறு பேர் களைத்து நின்றுவிட்டனர். மற்றவர்கள் வென்று, கொள்ளைப்பொருளோடு திரும்பியபோது, உடன் வராதவர்களுக்கு அதில் பங்கில்லை என்று சிலர் வாதிட்டனர். தாவீது இணங்கவில்லை. யுத்தத்திற்குப் போனவனுக்கும் ரஸ்துக்களைக் காத்திருந்தவனுக்கும் ஒரே பங்கு என்று தீர்த்து, அதை இஸ்ரவேலுக்குப் பிரமாணமாகவே ஏற்படுத்தினான் (1 சாமுவேல் 30). இரக்கப்பட்டுக் கொடுத்ததாக வேதம் சொல்லவில்லை. பங்கு என்றே சொல்லுகிறது.

நம் முன்னோர் வழக்கமும் இதற்கு வெகுதூரமன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் ஏராளம். அவற்றுள் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்டவர்களுக்கு நாட்டப்பட்டவை. கல்லில் செதுக்கிய வில்லையும் வாளையும் பார்த்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். ஆனால் இறந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. நெய்த்தோர்ப்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் கல்வெட்டுகள் அந்நிலத்தைக் குறிக்கின்றன. நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் இரத்தமே. இரத்தம் சிந்தியவனின் வீட்டார் உழுதுண்ண ஒரு துண்டு நிலம்! செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு ஆடி மாதந்தோறும் விழா எடுக்கிறோம். மலையமான் காரியை எதிர்த்து ஓரியோடு நின்ற வில்லாளர்களின் வீடுகளில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்று நாம் கேட்டதுண்டா?

முதல் உலகப்போருக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. அதே ஆண்டில், பெண்ட்லண்ட் பிரபு ஆளுநராயிருந்த சென்னை மாகாணத்தில் திரண்ட போர் நிதியைக் கொண்டு 'டாண்டா' என்னும் நீராவிக் கப்பல் மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டது. 'மெட்ராஸ்' என்று பெயர் பெற்ற அக்கப்பல், மெசபடோமியப் போர்முனையின் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் சுமந்து வந்தது. கொடுத்த அனைவரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று நான் எண்ணவில்லை. கலெக்டர் கேட்டால் மறுப்பது அந்நாளில் எளிதன்று. ஆனாலும் அக்கப்பலின் படுக்கையில் உயிர் பிழைத்தவனுக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாயிராது.

போர் முடிந்தபின் பல ஊர்களில் கற்பலகைகள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து மகா யுத்தத்துக்குச் சென்றவர் இத்தனை பேர், அவர்களில் உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று அவை கூறும். பெரும்பாலும் பெயர்கூட இராது. முற்காலத்தில் நிலம் விட்டார்கள். இங்கே தலைகளை எண்ணிச் சொல்வதோடு நின்றுவிட்டார்கள். அரசு ஓய்வூதியம் வழங்கியது மெய்யே. ஆயினும் எழுதப் படிக்க அறியாத ஓர் இளம் கைம்பெண் அதற்கு மனு எழுத யாரிடம் போயிருப்பாள்? கணக்குப்பிள்ளையிடமோ, பள்ளி வாத்தியாரிடமோ, உபதேசியாரிடமோ போயிருக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கு எந்த ஊரிலும் பலகை இல்லை.

1962இல் சீனப் போர் மூண்டபோது பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதுவரை திராவிட நாடு கேட்டு வந்த அண்ணா, அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்து நாட்டின் பாதுகாப்புக்குத் துணை நின்றார். போர் நடக்கையில் உள்ளங்கள் உருகும். செய்தித்தாளில் போர் மறைந்தபின்தான் வீரனின் வீடு தனிமையாகிறது. 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாளைக் கொடிநாளாக வைத்திருப்பது இந்த மறதியை அறிந்தே என்று நினைக்கிறேன். அந்நாளில் திரளும் தொகை, போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உறுப்பிழந்தோருக்கும் முன்னாள் படைவீரருக்கும் சேருகிறது. உண்டியலில் பத்து ரூபாய் போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்வதோடு நம்மில் பலர் அதை முடித்துவிடுகிறோம்.

படைவீரர் குடும்ப ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கவேண்டும். பெரும்பாலோருக்கு அது நவம்பர் மாதம். வளப்பூர் நாட்டிலிருந்து வயது முதிர்ந்த ஒரு தாய் இதற்காக எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி நாமக்கல் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே இதைச் செய்யலாம். ஆனால் கைபேசியைப் பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டுமே. நம் வாலிபர் ஐக்கியத்தில் இருவர் இவ்வாண்டு அதற்கு முன்வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தாய்மார் உங்கள் ஊரில் இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களிடம் சொல்லுங்கள்.