நூற்றிருபது கலம் நெல்

பூதலூரிலிருந்து புகைவண்டியேறித் தஞ்சைக்குப் படிக்கச் செல்லும் மாணவர் பெரிய கோயிலை அறியாதவரல்லர். ஆயினும் அக்கோயிற் கல்லில் ஒரு நாடகக் கலைஞனின் ஊதியக் கணக்கு வெட்டப்பட்டிருப்பதை அவருள் எத்தனை பேர் அறிவர்? அக்கணக்கைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஊரார் கூடிக் கேட்கும் கதைக்கும், காணும் கூத்துக்கும் பொதுப் பொருளிலிருந்து அளிக்கும் உதவியை இந்நாளில் நல்கை என்கிறோம். அமெரிக்க நாடு இதற்கென 1965-இல் சட்டம் இயற்றி ஒரு நிறுவனம் கண்டது. நம்மிடையே இவ்வழக்கம் மிகப் பழையது. நிவந்தம் என்பது அதன் பெயர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன், காஞ்சியை அடுத்த கூரத்துக் கோயிலுக்காக ஓர் ஊரை 25 பங்காக வகுத்தான். மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. அதே மண்டபத்திற்குத் தண்ணீரும் தீயும் வைப்பதற்கு இன்னொரு பங்கு. கதை கேட்க வருவோர்க்குத் தாகமெடுக்கும் என்பதையும் அவன் எண்ணினான் போலும்!

இனித் தஞ்சைக்கு வருவோம். இராசராசனின் பேரன் இரண்டாம் இராசேந்திரன். பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அவனது 6-ஆம் ஆட்சியாண்டில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கு நிவந்தம் அமைந்தது. பெற்றவன் சாந்திக்கூத்தன் திருமுதுகுன்றன். விசயராசேந்திர ஆசாரியன் என்ற பட்டமும் அவனுக்கு உண்டு. நாளொன்றுக்கு நெல் ஒரு தூணி, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும். மூன்று தூணி ஒரு கலம். ஆகவே ஆண்டுக்கு 120 கலம். இராசராசன் காலத்தில் ஆடல் மகளிர் 400 பேருக்கு, ஆளுக்கு 100 கலம் விளையும் பங்கு அளிக்கப்பட்டதை நோக்க, இது நல்ல ஊதியமே. ஆடுவது விழாவின்போது, உண்பதோ ஆண்டு முழுவதும். கலைஞனும் நாள்தோறும் உண்பவன் என்பதை உணர்ந்து எழுதிய கணக்கு இது. இவ்வுரிமை அவன் வழியினர்க்கும் காணியாக்கப்பட்டது.

அரசர் மட்டுமே ஈந்தனர் என்று கருதற்க. முதலாம் இராசேந்திரன் காலத்தில் கொள்ளிடத்தின் வடகரைக் காமரசவல்லியில், சாக்கைக் கூத்து ஆடுவதற்கு ஊர்ச் சபையாரே நிலம் கொடுத்தனர்.

இத்தனையும் இருந்தும் அந்நாடகம் எங்கே? மரக்காலின் பெயர் நமக்குத் தெரிகிறது. நாடகத்தின் ஓரடி தெரியவில்லை. அது கோயில் எழுந்த கதையா, மன்னன் வரலாறா என்பதிலும் அறிஞர் ஒருமித்திலர். ஆடுவானுக்கு நெல்லளந்த அக்கல்வெட்டு, ஏடெழுதுவானுக்கு ஒன்றும் அளக்கவில்லை. எனக்கு இதுவே பெருங்குறையாகத் தோன்றுகிறது.

இம்மாவட்டத்து மெலட்டூரை இதனோடு ஒப்பிடலாம். நாயக்க மன்னன் அச்சுதப்பன் அங்கே அந்தணக் குடும்பங்களுக்கு மனையும் நிலமும் வழங்கிக் குடியமர்த்தினான். பின்னர் அவ்வூரில் வாழ்ந்த வேங்கடராம சாத்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத நாடகம் முதலியவற்றை, நரசிம்ம செயந்தியையொட்டிப் பாகவத மேளமாக இன்றும் ஆடுகின்றனர். இடையே தளர்ச்சியுற்ற காலமும் உண்டு; எனினும் நாடகம் அழியவில்லை. ஒரு பண்டாரத்தின் நெல்லை நம்பிய கலை, சோழர் ஆட்சி 13-ஆம் நூற்றாண்டில் முடிந்தபின் யாரிடம் சென்று நெல் கேட்கும்? மெலட்டூரிலோ நாடகம் பல வீடுகளின் உடைமையாயிற்று.

ஆனால் அவ்வீடுகளும் ஒரு சாராரின் வீடுகளே. காவிரிப் படுகையில் சேற்றில் இறங்கி அந்த நெல்லையெல்லாம் விளைவித்தவர்களுக்கும் பாட்டு இருந்தது, கதை இருந்தது. நடவுப் பாட்டுப் பாடிய பெண்ணுக்கு அதற்கென ஒரு குறுணி நெல் அளந்ததாகச் சொல்லும் கல்வெட்டு எதையும் நான் இதுவரை கண்டதில்லை.