பியதசி யார்? பிராமிச் சாசனங்களும் வாசிப்பின் திருத்தமும்

1

ஒரு பிரதியை வாசித்தல் என்பது எழுத்துக்களை ஒலிகளாக மாற்றுவதோடு முடிந்துவிடும் செயலன்று. வாசகன் தன் முன்னறிவையும் எதிர்பார்ப்பையும் கொண்டே பிரதியை அணுகுகின்றான். பிரதி சொல்லாது விட்ட இடங்களை அவையே நிரப்புகின்றன. எனவே தவறான வாசிப்புக்கு அறியாமை மட்டுமே காரணமெனக் கொள்ளமுடியாது. கையிலுள்ள அறிவு போதுமானது என்ற நம்பிக்கையும் பல வேளைகளில் அதற்குக் காரணமாகின்றது.

இத்தகைய நம்பிக்கை, தவறென்று சுட்டிக்காட்டப்பட்ட மாத்திரத்தே அகன்றுவிடுவதுமில்லை. பழைய விளக்கம் எவற்றை விளக்கிற்றோ அவற்றோடு, அது விளக்காது விட்டவற்றையும் சேர்த்து விளக்கவல்ல வேறொன்று கிடைக்கும்போதே அது தன் இடத்தை விட்டுக்கொடுக்கின்றது. பிராமிச் சாசனங்கள் வாசிக்கப்பட்ட வரலாற்றைக் கொண்டு இக்கூற்றைப் பரிசீலிப்பதே எமது நோக்கமாகும். அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பமொன்று இலங்கையிலிருந்து சென்ற நூற்சான்றினால் ஏற்பட்டது என்பதும் இங்கு மனங்கொளத்தக்கது.

2

டில்லிச் சுல்தான் பீரோஸ் ஷா துக்ளக் (1351–1388) தோப்ரா, மீரட் ஆகிய இடங்களில் நின்ற இரு கற்றூண்களைப் பெருமுயற்சியுடன் தன் தலைநகருக்குக் கொண்டுவந்தான். அவற்றின்மீது பொறிக்கப்பட்டிருந்த எழுத்துக்களை வாசிக்குமாறு கற்றோர் அழைக்கப்பட்டனர், எவராலும் இயலவில்லை. எனினும், பீரோஸ் என்னும் மன்னன் தோன்றும்வரை இத்தூணை எவராலும் இடம்பெயர்க்க முடியாது என்றே அதில் எழுதப்பட்டுள்ளதெனச் சிலர் கூறியதாக வரலாற்றாசிரியர் சம்சி சிராஜ் அபீப் குறிப்பிடுகின்றார். வாசிக்க முடியாத எழுத்து, வாசிக்கச் சொன்னவனின் புகழையே பேசலாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பயணி தோமஸ் கொறியற், டில்லித் தூணின் எழுத்தைக் கிரேக்கமெனவும் தூணை அலெக்சாந்தரின் வெற்றிச் சின்னமெனவும் கொண்டார். கிரேக்க இலக்கியத்திற் பயின்ற மனம் கிரேக்கத்தையே கண்டது.

இவ்விரு வாசிப்புகளும் இன்று நகைப்புக்குரியனவாகத் தோன்றலாம். ஆயினும் எழுத்தை முறையாக அறிந்த பின்னரும் இதே இயல்பு தொடர்ந்தது என்பதே எமது கவனத்துக்குரியது.

3

கல்கத்தா நாணயசாலையிற் பணியாற்றியவரும் வங்காள ஆசியச் சங்கத்தின் செயலாளருமான ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் இவ்வெழுத்தின் மறையை அவிழ்த்தார். சாஞ்சித் தூபியின் கல்வேலிகளிலே பொறிக்கப்பட்டிருந்த சிறுசிறு வாசகங்களின் படிகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே எழுத்துக்களுடன் முடிவதை அவர் அவதானித்தார். வழிபாட்டிடமொன்றில் வெவ்வேறு ஆட்கள் வெட்டுவித்த குறுவாசகங்கள் எதனைக் கூறும்? கொடையைத்தான். எனவே இறுதிச் சொல் 'தானம்' என அவர் ஊகித்தார். அதற்கு முன்வந்த எழுத்து, 'இன்னாருடைய' எனப் பொருள்தரும் வேற்றுமை உருபாகிய 'ஸ' ஆயிற்று. இங்கு சூழலை உணர்ந்த எதிர்பார்ப்பு பிரின்செப்பைச் சரியான வழியிற் செலுத்திற்று. கமலகாந்த வித்யாலங்கார் போன்ற உள்நாட்டுப் பண்டிதரின் துணையும் அவருக்கு இருந்தது. ஐரோப்பியரின் தனிச் சாதனையாக மட்டும் இவ்வரலாறு கூறப்படும்போது இவ்வுழைப்பு மறைந்துவிடுகின்றது.

எழுத்துத் தெளிந்ததும் தூண்களின் வாசகமும் தெளிந்தது. 'தேவானாம்பிய பியதசி' என்னும் அரசன் தன் குடிகளை நோக்கிப் பேசுகின்றான். இவன் யார்? வடநாட்டு அரசர் பட்டியல்களில் அப்பெயர் காணப்படவில்லை. அக்காலத்திலேதான் இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜோர்ஜ் ரேணர் மகாவம்சத்தை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அந்நூலிலே பௌத்தத்தைத் தழுவிய இலங்கை மன்னன் தேவானாம்பிய தீசன் வருகின்றான். பிரின்செப் தாம் அறிந்த ஒரே 'தேவானாம்பிய'னையே தூண்களிலும் கண்டார். அனுராதபுரத்து மன்னனின் ஆணை டில்லியிலும் அலகபாத்திலும் கல்லில் நிற்பது எங்ஙனம் என்ற வினாவை, பெயரொற்றுமையின் வலிமை பின்தள்ளிவிட்டது.

ரேணர் இரத்தினபுரியிற் கடமையாற்றிய காலத்திலே பிக்கு ஒருவரின் துணையுடன் பாளி நூல்களைக் கற்றவர். முல்கிரிகல விகாரையிலிருந்து மகாவம்ச உரையின் பிரதி கிடைக்கப்பெற்றவர். 1837இல் தீபவம்சத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில் அவர் ஒரு பகுதியைக் கண்டார். புத்தரின் பரிநிர்வாணத்துக்கு 218 ஆண்டுகளின் பின் முடிசூடிய பியதஸ்ஸி, சந்திரகுப்தனின் பேரன், பிந்துசாரனின் மைந்தன் என்பதே அதன் செய்தி. அவன் மௌரிய அசோகனேயன்றி வேறெவனும் அல்லன். 'தேவானாம்பிய' என்பது ஒருவனுக்கே உரிய பெயரன்று, அரசர் பலர் சூடிய விருது என்பதும் இதனாற் புலனாயிற்று.

பிரின்செப் தமது கருத்தைக் கைவிட்டார். தவறான அடையாளம் வெளியான அதே ஆசியச் சங்கச் சஞ்சிகையில், அதே ஆண்டிலேயே ரேணரின் திருத்தமும் வெளியாயிற்று. 1838இல் கிர்னார்ப் பாறைச் சாசனத்திலே அந்தியோக்கஸ், தொலமி ஆகிய கிரேக்க அரசரின் பெயர்களைப் பிரின்செப் இனங்கண்டார். இதனால் அசோகனின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டென உறுதிப்பட்டது. அவ்வாண்டிலேயே நோயுற்று இந்தியாவை விட்டுச் சென்ற பிரின்செப் 1840இல் மறைந்தார்.

4

இத்திருத்தம் இத்துணை விரைவில் ஏற்கப்பட்டமைக்குக் காரணமென்ன? "தேவானாம்பிய தீசன் அல்லன்" என்று மட்டும் ரேணர் கூறியிருப்பின் அரசனின் இடம் வெற்றிடமாகியிருக்கும். வெற்றிடத்தைவிடப் பிழையான விடையையே மனித மனம் விரும்புகின்றது. ரேணர் மறுப்போடு மாற்றையும் தந்தார். அம்மாற்று பெயரை விளக்கிற்று. சாசனங்களின் பரந்த பரம்பலையும் விளக்கிற்று. பின்னர் கிரேக்க அரசரின் காலத்தோடும் பொருந்திற்று.

எனினும் எல்லோரும் ஏற்றுக்கொண்டாரல்லர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துச் சமஸ்கிருதப் பேராசிரியர் எச். எச். வில்சன் 1850ஆம் ஆண்டளவிலும் பியதசியும் அசோகனும் ஒருவரே என்பதை ஐயுற்றார். அசோகன் என்ற பெயர் அதுவரை அறியப்பட்ட சாசனங்களில் இடம்பெறாமையும், இலங்கைப் பாளி நூல்களின் சான்றை அவர் எளிதில் நம்பாமையும் இதற்குக் காரணங்களாயின. அவ்வையத்தை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் நேர்மையாகாது. சான்றுத் தொடரில் ஒரு கண்ணி உண்மையிலேயே இல்லாதிருந்தது. 1915இல் அன்றைய ஐதராபாத் சமஸ்தானத்து மாஸ்கியிலே, பொன் தேடிச் சென்ற பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற்பட்ட பாறைச் சாசனம் 'தேவானாம்பிய அசோக' என்ற பெயரையே தாங்கிநின்றது. ரேணரின் கருத்து கல்லிலே உறுதிபெற 78 ஆண்டுகள் சென்றன.

5

தமிழகத்துக் குகைக் கல்வெட்டுக்களின் வரலாறு இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துச் சாசனங்களை 1882இல் றொபேட் சுவெல் கண்டார். எழுத்து அசோகப் பிராமியை ஒத்தது. குகைகளோ துறவிகளின் உறைவிடம். ஆகவே மொழி பிராகிருதமாகவே இருத்தல் வேண்டுமென்ற எதிர்பார்ப்பு வாசிப்புக்கு முன்னரே உருவாகிவிட்டது. 1919இல் இவற்றை விரிவாக ஆராய்ந்த எச். கிருஷ்ண சாஸ்திரி திராவிடச் சொற்கள் சிலவற்றை இனங்கண்டபோதும், பிராகிருதச் சட்டகத்தினுள்ளேயே பெரும்பாலும் வாசித்தார்.

கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் வேறு வகையான வினாவை எழுப்பினார். இக்கல்வெட்டுக்களில் எவ்வெழுத்துக்கள் உள, எவை இல? பிராகிருதத்தில் மலிந்து வரும் ஒலிப்புடை எழுத்துக்களும் மூச்சொலி எழுத்துக்களும் இங்கு ஏறக்குறைய இல்லை. மாறாக, ற, ன, ள, ழ ஆகிய தமிழுக்குரிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் உள. மொழி தமிழே என அவர் நிறுவினார்.

ஆயினும் சொற்கள் விகாரமாகவே ஒலித்தன. காரணம் எழுத்துமுறை பற்றிய எடுகோளாகும். வடபிராமியில் குறியீடற்ற மெய்வடிவம் அகரத்தை உள்ளடக்கும். பக்கக் கோடு நெடில் ஆகாரத்தைக் குறிக்கும். பழைய தமிழ்ப் பிராமியிலோ குறியீடற்ற வடிவம் தனிமெய்யாக நின்றது. அகரம் ஏறியபோதும் அக்கோடே இடப்பட்டது. எனவே 'மகன்' என எழுதப்பட்டது வடநாட்டு விதிப்படி 'மாகான' எனப் படிக்கப்படும். 1960களில் ஐராவதம் மகாதேவன் இம்முறைகளைத் தெளிவுபடுத்தியதும் மாங்குளத்திலே நெடுஞ்செழியனும், புகளூரிலே இரும்பொறை மரபுச் சேரரும் வெளிப்பட்டனர். கல்லில் ஒரு கோடேனும் மாறவில்லை. வாசகரின் விதியே மாறிற்று.

6

இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறும் பாடம் நமக்கு உவப்பானதாக மட்டும் இருத்தல் இயலாது. குகைக் கல்வெட்டுக்கள் தமிழாயின என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஆகவே அத்திருத்தத்தை நாம் எளிதில் ஏற்கின்றோம். நமக்கு உவப்பற்ற திருத்தத்தையும் அதே அளவுகோலால் அளக்க நாம் ஆயத்தமாக உள்ளோமா? கொடுமணல், பொருந்தல் அகழ்வுகளின் காலக்கணிப்புகளை ஆதாரமாகக் கொண்டு தமிழ்ப் பிராமியின் தொடக்கத்தை அசோகனுக்கு முன்கொண்டு செல்லும் வாதம் இன்று வலுப்பெற்றுள்ளது. அதனை ஐயுறுவோரும் உளர். இங்கு வில்சனுக்குரிய மதிப்பை நாம் அவ்வையுறுவோருக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நமது தீவிலே இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அனுராதபுரத்திலே 'தமெட' எனக் குறிக்கப்படும் தமிழ் இல்லத்தோர் அமைத்த மேடையைப் பற்றிய பிராமிச் சாசனம் பிராகிருத மொழியில் உள்ளது. சாசனமொழியைக் கொண்டே மக்களின் இனத்தை நிர்ணயிப்போர் எப்பக்கத்தவராயினும், அவர்களது சட்டகத்தினுள் இச்சிறு சாசனம் அடங்காது. தமிழ் வணிகரும் பௌத்தத் துறவிகளும் ஒரே எழுத்தையும் ஒரே பொதுமொழியையும் கையாண்ட ஒரு சமூகத்தையே அது காட்டுகின்றது. பிற்காலத்து எல்லைக்கோடுகளை அக்கல்லின்மீது வரைவோர், பீரோஸ் ஷாவின் அவையில் தூணை வாசித்தோரினும் வேறுபட்டவரல்லர்.

பிழையான வாசிப்பு வரலாற்றாசிரியனுக்கு இழுக்கன்று. பிரின்செப் பிழைபட்டார்; பிழைபட்டதனாலேயே பியதசி யார் என்ற வினா கூர்மையடைந்தது. பிழை வெளியான இடத்திலேயே திருத்தமும் வெளியாகும் நிலை பேணப்பட வேண்டும். மொழி தெரிந்தோர், கல் தெரிந்தோர், நிலம் தெரிந்தோர் எனப் பலரும் ஒருவர் வாசிப்பை மற்றவர் சோதிக்கும் அறிவுச் சூழலிலேயே அது கைகூடும். தீபவம்ச ஏடு விகாரையிலும் தூணின் படி கல்கத்தாவிலும் தனித்தனியே கிடந்திருப்பின், அசோகன் இன்னும் நெடுங்காலம் பெயரற்றவனாகவே நின்றிருப்பான்.