இணைப்பு வழியும் மறுவாழ்வும்: அமெரிக்க ஈரடுக்கு ரயில் பெட்டிகளின் பிற்கால வரலாறு

அமெரிக்காவின் பழைய ஈரடுக்குப் பயணிகள் பெட்டிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்ட பின் என்னவாயின என்னும் கேள்விக்கு அவற்றின் வயதையும் தேய்மானத்தையும் காட்டி விடை கூறுவதே வழக்கமாக இருந்துவருகிறது. அந்த விடை போதுமானதன்று. இவற்றுள் பலவற்றைக் கட்டிய பிலடெல்பியாவின் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகைத் தனக்கே உரிய மின்பற்றவைப்பு முறையால் இணைத்துக் கூடு அமைத்தது. அக்கூடுகள் அரை நூற்றாண்டு ஓட்டத்தையும் எளிதில் தாங்கின. எனவே எந்தப் பெட்டி வேறோர் ஊரில் மீண்டும் ஓடியது, எது பழைய இரும்பாக உடைக்கப்பட்டது என்பதைப் பெருமளவு முடிவுசெய்தது, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து செல்லும் இணைப்பு வழி எந்தத் தளத்தில் அமைந்திருந்தது என்பதே.

ஈரடுக்குப் பெட்டிகள் இரு மரபுகளாகப் பிரிந்தன. முதலாவது, 1950இல் பர்லிங்டன் ரயில்வே சிகாகோவின் புறநகர்ச் சேவைக்காக அறிமுகப்படுத்திய காலரிப் பெட்டி. இதன் மேல்தளம் முழுத் தளமன்று. இருபுறச் சுவர்களையும் ஒட்டிய ஒடுக்கமான இரண்டு மாடங்களே மேலே இருக்க, நடுப்பகுதி கூரைவரை திறந்திருந்தது. பரிசோதகர் கீழே நின்றபடியே மேலிருப்பவரின் பயணச்சீட்டையும் பார்த்துவிடலாம் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். ஓர் ஆளின் கூலியை மிச்சப்படுத்தும் கணக்கு கட்டடக்கலையாகவே மாறிய இடம் இது. இணைப்பு வழியோ சாதாரணப் பெட்டிகளில் இருக்கும் அதே உயரத்தில் அமைந்தது.

இரண்டாவது, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடிய ‘எல் கேப்பிட்டன்’ ரயிலுக்காகச் சாண்டா ஃபே ரயில்வே பட் நிறுவனத்திடம் கட்டச் செய்த ஹை-லெவல் பெட்டி. 1954இல் இரண்டு மாதிரிப் பெட்டிகள் ஓடிப் பார்க்கப்பட்டன. 1956இல் முழு ரயிலும் இவ்வகைக்கு மாறியது. 1960களில் மேலும் 24 பெட்டிகள் சேர்ந்தன. இருக்கைகள் அனைத்தும் தண்டவாளத்திலிருந்து சுமார் எட்டரை அடி உயரத்தில், சக்கரங்களின் இரைச்சலுக்கு எட்டாத மேல்தளத்தில் இருந்தன. கழிப்பறையும் மூட்டை முடிச்சுகளும் கீழ்த்தளத்துக்கு ஒதுக்கப்பட்டன. உணவுப் பெட்டியில் சமையலறை கீழேயும் சாப்பிடும் கூடம் மேலேயும் அமைய, தட்டுகள் சிறு மின்தூக்கியில் மேலேறின. பெட்டிகளுக்கிடையிலான வழியும் மேல்தளத்திலேயே போடப்பட்டதால், பயணி ரயிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை படியிறங்காமல் நடக்க முடிந்தது.

அன்று வசதியாக இருந்த அதே ஏற்பாடு பின்னாளில் தடையாயிற்று. சாதாரணப் பெட்டிகளுக்கு நடுவே கோக்கப்பட்ட ஹை-லெவல் பெட்டியிலிருந்து யாரும் முன்னும் பின்னும் செல்ல இயலாது. இதைச் சாண்டா ஃபேயே உணர்ந்திருந்தது. சில பெட்டிகளில் ஒரு முனையில் மட்டும் உள்ளே படிவைத்துக் கீழ்க்கதவுக்கு இறங்கும் ஏற்பாட்டைச் செய்தது. 1971இல் நாட்டின் நெடுந்தூரப் பயணிகள் சேவையை ஏற்ற ஆம்ட்ராக் நிறுவனத்தின் கைக்கு இத்தொகுதி வந்தபோது, அந்தப் படிப்பெட்டிகளே இருவகைப் பெட்டிகளையும் இணைக்கும் பாலங்களாக, ஊழியர் தங்கும் பெட்டிகளாகப் பயன்பட்டன. மற்றவற்றுக்குப் புகலிடம் தந்தது, ஹை-லெவலைப் பின்பற்றி வரைந்து புல்மேன்-ஸ்டாண்டர்ட் கட்டி, 1979இல் ஓடத் தொடங்கிய சூப்பர்லைனர். அதன் இணைப்பு வழியும் மேல்தளத்திலேயே இருந்தமையால், பழைய பெட்டிகளில் சில, நீராவியால் சூடேற்றும் முறையை விட்டு என்ஜினிலிருந்து வரும் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டு, புதியவற்றோடு ஓடின. ஐந்து உல்லாசப் பெட்டிகள் ‘பசிபிக் பார்லர்’ என்ற பெயரில் சியாட்டிலுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையிலான ‘கோஸ்ட் ஸ்டார்லைட்’ ரயிலில் 2018 பிப்ரவரிவரை நீடித்தன. உதிரிபாகமும் பராமரிப்புச் செலவும் அவற்றை நிறுத்துவதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. தனித்து ஒரு பெட்டியை வாங்குபவர் அதை எந்த ரயிலில் கோப்பது என்ற கேள்வி அப்போதும் மாறவில்லை.

இணைப்பு வழி சாதாரண உயரத்திலேயே இருந்த காலரிப் பெட்டிகளின் கதை வேறு. சிகாகோவில் ஓய்ந்த பெட்டிகளை வர்ஜீனியா ரயில்வே எக்ஸ்பிரஸ் வாஷிங்டன் புறநகர்ச் சேவைக்கு எடுத்துக்கொண்டது. 2006இல் நாஷ்வில் நகரம் தன் புதிய புறநகர் ரயிலை அத்தகைய பழைய பெட்டிகளைக் கொண்டே தொடங்கியது. உயரமே தடையென்று கருதினால் இது விளங்காது. காலரிப் பெட்டி ஹை-லெவலைவிடச் சற்று உயரமானது, நியூயார்க்கின் சுரங்கப் பாதைகளில் இரண்டுமே நுழைய முடியாதவை. புறநகர்ச் சேவை நடத்தும் அமைப்புகள் பல, நெடுந்தூரச் சேவைக்கு ஆம்ட்ராக் ஒன்றே என்பதால் வாங்குவோர் எண்ணிக்கையிலேயே வேறுபாடு இருந்தது என்ற மறுப்புக்கு வலு உண்டு. ஆனால் வாங்குவோர் பலராக இருந்திருந்தாலும் அவர்களிடமிருந்த ரயில்களோடு பொருந்தாத பெட்டிக்குச் சந்தை இருந்திராது.

இந்த வாதத்தின் எல்லையைக் காட்டுவது கலிபோர்னியாவின் கால்ட்ரெய்ன். 2024 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ–சான் ஹோசே தடத்தை மின்மயமாக்கி முடித்த அந்நிறுவனம், ஜப்பானின் நிப்பான் ஷார்யோ கட்டிய 90 காலரிப் பெட்டிகளையும் 19 டீசல் என்ஜின்களையும் பெருவின் தலைநகர் லிமாவுக்கு 63.2 லட்சம் டாலருக்கு விற்றது. என்ஜினோடு சேர்த்து முழு ரயில்களாக விலைபோனபோது இணைப்பு வழியின் உயரம் பொருட்டாகவில்லை; இருநாட்டுப் பாதையும் 1435 மி.மீ. அகலமுடையது என்பதே முதன்மையாயிற்று. எனினும் பெட்டிகள் 2025இல் காயாவோ துறைமுகத்தில் இறங்கிய பின், சரக்கு ரயில்கள் ஓடும் லிமா–சோசிகா பாதையில் நடைமேடைகள், பாதுகாப்பு அனுமதி, யார் இயக்குவது ஆகியவை குறித்து நகராட்சிக்கும் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் இடையே தகராறு எழுந்தது. அத்தகராற்றில் எந்தத் தரப்பும் பெட்டிகளின் இணைப்பு வழியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை.