சோழர் கப்பல் கிளம்பும்போது எந்த மியூசிக் ஓடணும்? வரலாற்று ஸ்ட்ராடஜி கேம்களில் ரசனை ஏன் இவ்வளவு பிரிகிறது?

சோழர் கப்பற்படை கடாரத்தை நோக்கிக் கிளம்புகிறது. வரலாற்றில் அல்ல, உங்கள் லேப்டாப் திரையில். அப்போது பின்னணியில் என்ன ஒலிக்க வேண்டும்? உடுக்கையும் பறையுமா? 80 பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவா? ஏ.ஆர்.ரஹ்மானா? இல்லை, எதுவுமே வேண்டாமா?

கேம் ஆடும் நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். ஒவ்வொருவரும் தன் பதில்தான் சரி என்று சண்டைக்கும் வருவார். ஏன் இப்படி?

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

ரொம்ப காலமாக இந்த வகை கேம்களில் 'இந்தியா' என்றால் ஒரே ஒரு நாடு, ஒரே ஒரு தலைவர். இசையும் அதே மாதிரிதான்: கொஞ்சம் சிதார், கொஞ்சம் தபேலா. கடந்த சில வருடங்களில் அது மாறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமுக்கு வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர்கள் தனி நாகரிகமாகச் சேர்ந்தார்கள். அதில் ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு கேம்பெயின் உண்டு. வீரர்களைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வார்கள். 2025 பிப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன் 7' கேமில் சோழர்களாகவே ஆடலாம்.

தன் ஊர் திரையில் வரும்போதுதான் காது கூர்மையாகிறது. ரோம் நாட்டு இசை சரியா தவறா என்று நமக்குத் தெரியாது, கேட்டுவிட்டுப் போய்விடுவோம். சோழர் என்றதும், 'இது நம்ம சத்தமே இல்லையே' என்று சொல்லத் தோன்றுகிறது.

ரசனை எப்படிப் பிரிகிறது?

பெரிதாக நான்கு வகை.

முதல் வகை, 'அந்தக் காலத்து' ரசிகர்கள். கி.பி. 1025 என்றால் 1025-ல் இருந்த வாத்தியம்தான் ஒலிக்க வேண்டும் என்பார்கள்.

இரண்டாவது வகை, பிரம்மாண்டம் கேட்பவர்கள். இவர்களுக்கு வரலாற்றுத் துல்லியம் முக்கியமில்லை, உடம்பு சிலிர்க்க வேண்டும். இவர்களின் தேசிய கீதம் 'பாபா யேது'. 2005-ல் வந்த 'சிவிலைசேஷன் 4' கேமுக்காக கிறிஸ்டோபர் டின் இசையமைத்த பாட்டு இது. கிறிஸ்தவ ஜெபம் ஒன்றின் சுவாஹிலி மொழி வடிவம். 2011-ல் கிராமி விருது வாங்கியது. ஒரு வீடியோ கேமுக்காக எழுதப்பட்ட இசைக்கு கிராமி கிடைத்தது அதுதான் முதல் முறை.

மூன்றாவது வகை, இசை இருப்பதே தெரியக் கூடாது என்பவர்கள். யோசிக்க வேண்டிய கேம் இது, பின்னணி பின்னணியாகவே இருக்கட்டும் என்பது இவர்கள் வாதம்.

நான்காவது வகை, மியூட் போடுபவர்கள். இதிலும் இரண்டு பிரிவு உண்டு. ஒரு பிரிவு ஸ்பாட்டிஃபையில் 'பொன்னியின் செல்வன்' ஆல்பத்தையோ, 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கு ஜி.வி.பிரகாஷ் போட்ட இசையையோ ஓடவிடும். இன்னொரு பிரிவு போட்டி ஆட்டக்காரர்கள். எதிரி தாக்கும்போது வரும் எச்சரிக்கை மணி காதில் விழ வேண்டும், அதற்கு இசை இடைஞ்சல். யூடியூப், ட்விட்ச் தளங்களில் லைவ் ஆடுபவர்களில் பலர் காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்தும் இசையை அணைத்துவிடுகிறார்கள்.

ஒரே பாட்டு 150 தடவை

ரசனை பிரிவதற்கு ஒரு எளிய கணக்கும் காரணம். சினிமாவில் பின்னணி இசையை இரண்டரை மணி நேரம் கேட்கிறீர்கள். 'சிவிலைசேஷன்' கேமில் ஒரு முழு ஆட்டத்துக்கு 10 மணி நேரம் சாதாரணமாக ஆகும். அதாவது 600 நிமிடம். 4 நிமிடப் பாட்டு ஒன்றே திரும்பத் திரும்ப ஓடினால் 150 தடவை. இசைத் தொகுப்பு மொத்தம் ஒரு மணி நேரம் இருந்தாலும், முழுத் தொகுப்பும் 10 சுற்று வந்துவிடும்.

முதல் தடவை சிலிர்க்க வைத்த கோரஸ் 40-வது தடவை தலைவலி. முதல் தடவை 'சப்' என்று இருந்த மெல்லிய இசை 40-வது தடவையும் தொந்தரவு செய்யாது. ஆக, ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆடுகிறாரா, சனி ஞாயிறு முழுக்க ஆடுகிறாரா என்பதே அவர் ரசனையைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

ஒன்று, எல்லோருக்கும் ஒரே இசை. 'சிவிலைசேஷன் 4' இதைத்தான் செய்தது. நீங்கள் எந்த நாட்டை ஆண்டாலும், காலம் நகர நகர பாக், பீத்தோவன் போன்ற ஐரோப்பிய மேதைகள்தான் ஒலிப்பார்கள். நவீன காலம் வந்தால் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ். கேட்க அருமையாக இருக்கும். ஆனால், நாகரிகம் வளர்ந்தால் அது ஐரோப்பா மாதிரிதான் ஒலிக்கும் என்ற செய்தியும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது.

இரண்டு, நாட்டுக்கு ஒரு மெட்டு. 2016-ல் வந்த 'சிவிலைசேஷன் 6' ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மெட்டை எடுத்து, நான்கு காலகட்டங்களில் வளர்த்தது. ஆரம்பத்தில் ஓரிரு வாத்தியங்கள், கடைசியில் முழு ஆர்கெஸ்ட்ரா. ஜெஃப் நோர் உள்ளிட்டோரின் இந்த வேலைக்கு நல்ல வரவேற்பு. அதிலும் குறை சொல்பவர்கள் உண்டு: 'முதல் கட்ட இசைதான் எனக்குப் பிடிக்கும், கடைசியில் எல்லா நாடும் ஹாலிவுட் ஆகிவிடுகிறது' என்பார்கள்.

மூன்று, ரசனையையே தனியாக விற்பது. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் தன் கேம்களுக்கு இசைத் தொகுப்புகளைத் தனி விலையில் தருகிறது. 'க்ரூசேடர் கிங்ஸ் 2' கேமுக்கு 'சாங்ஸ் ஆஃப் இந்தியா' என்றே ஒன்று உண்டு. 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' கேமில் சபட்டான் என்ற ஸ்வீடன் மெட்டல் இசைக்குழுவின் பாடல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 1444-ல் தொடங்கும் கேமில் எலெக்ட்ரிக் கிட்டார்! முதல் வகை ரசிகர் காதைப் பொத்திக்கொள்வார், இரண்டாம் வகை ரசிகர் சத்தத்தைக் கூட்டுவார்.

சோழர் காலத்தில் உண்மையில் என்ன ஒலித்தது?

துல்லியம் கேட்பவர்களுக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் ராஜராஜன் நியமித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆக மொத்தம் 50 பேர். அவர்களுக்கு தினப்படி நெல்லும் உண்டு. அதற்கும் முந்தைய குடுமியான்மலை கல்வெட்டில், புதுக்கோட்டை மாவட்டத்தில், ஸ்வர வரிசைகளே பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இப்போது மறுபக்கம். சிதாரும் தபேலாவும் 18-ம் நூற்றாண்டை ஒட்டித்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தன. 'சரி, அப்போ கர்னாடக இசை போடலாமே' என்றால், அதுவும் சிக்கல்தான். 72 மேளகர்த்தா முறையை வேங்கடமகி வகுத்தது 17-ம் நூற்றாண்டில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில்தான் வயலின் நம் கச்சேரிக்குள் வந்தது. ராஜேந்திரன் காதில் வயலின் விழுந்திருக்கவே முடியாது.

ஆனால் கல்வெட்டு வாத்தியத்தின் பெயரைச் சொல்லும், அதன் நாதத்தைச் சொல்லாது. ஓதுவார்கள் இன்று தேவாரப் பண்களைப் பாடுவது இன்றைய ராகங்களின் வழியாகத்தான். எனவே 'அசல் சோழர் இசை' என்று எந்த கேம் தந்தாலும், அதில் பாதி ஆராய்ச்சி, பாதி கற்பனை.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய எலப்புள்ளி மாதிரி ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் இடம். ஒரு திருவிழாவில் செண்டை மேளம், இன்னொன்றில் நாதஸ்வரம், தவில். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும், செம்பை வைத்தியநாத பாகவதரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். கேம் மேப்பில் 'இந்தக் கோட்டுக்கு இப்பக்கம் சேரர் இசை, அப்பக்கம் சோழர் இசை' என்று பிரித்தால், இவர்கள் எந்தப் பக்கம்?

காதை நம்பினாலும் ஏமாறலாம். பஞ்சவாத்தியம் கேட்டால் ஆயிரம் வருடப் பழசு மாதிரி இருக்கும். ஆனால் இன்று நாம் கேட்கும் வடிவம் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி போன்ற கலைஞர்கள் 1930-களை ஒட்டி உருவாக்கியது. 'பழசு மாதிரி ஒலிப்பது' வேறு, 'பழசு' வேறு.

அப்போ யார் சொல்வதுதான் சரி?

நான்கு பேரும் கேட்பது வேறு வேறு விஷயம். ஒருவருக்கு வரலாறு வேண்டும், ஒருவருக்கு உணர்ச்சி, ஒருவருக்கு அமைதி, ஒருவருக்கு ஜெயிக்க வேண்டும். இதில் சரி, தவறு இல்லை.

ஆனால் 'ரசனைதானே, விடுங்க' என்று முழுசாக விட்டுவிடவும் முடியாது. பள்ளிப் பாடத்தில் சோழரைப் படிக்காத ஒரு பிரேசில் மாணவனுக்கோ போலந்து மாணவிக்கோ, இந்த கேம்தான் முதல் அறிமுகமாக இருக்கலாம். அவர்களுக்கு சோழர் என்றால் அந்த மெட்டுதான். அங்கே தமிழ்க் கலைஞர்களையும் ஓதுவார்களையும் இசை ஆய்வாளர்களையும் கேட்டு வேலை செய்ததா, இல்லை ரெடிமேட் 'இந்திய' சத்தத்தை ஒட்டியதா என்பது நியாயமான கேள்வி.

நீங்கள் என்ன செய்யலாம்?

- செட்டிங்ஸில் இசை, எஃபெக்ட்ஸ், குரல் மூன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி அளவு இருக்கும். மொத்தமாக மியூட் போடாமல் இசையை மட்டும் குறைத்துப் பாருங்கள்.
- இசை பிடிக்கவில்லை என்றால் ரிவ்யூவில் 'மொக்கை' என்று முடிக்காதீர்கள். எந்த வாத்தியம், எந்தக் காலம், ஏன் ஒட்டவில்லை என்று எழுதுங்கள். அடுத்த அப்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் உதவும்.
- பிடித்திருந்தால் இசையமைப்பாளர் குழுவில் யார் யார் வாசித்தார்கள் என்று கிரெடிட்ஸில் பாருங்கள். ஒரு உடுக்கைக் கலைஞரின் பெயர் அங்கே இருக்கிறதா, இல்லையா என்பதே நிறைய சொல்லிவிடும்.