அடுப்பங்கரைத் துறவி

1640-ம் வருஷம் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான். நிக்கோலா எர்மான் என்று பெயர். லொரேன் பிரதேசத்து ஏழைக் குடும்பம். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்தபோது ஜெர்மானியர் அவனை ஒற்றன் என்று பிடித்துத் தூக்கிலிடுவதாக மிரட்டினார்கள். அதில் தப்பிப் பிழைத்து, சுவீடன்காரரோடு நடந்த சண்டையில் காயம்பட்டு, பிறகு பாரிஸில் ஒரு கனவானிடம் ஏவலாளாக இருந்தான். தொட்டதையெல்லாம் போட்டு உடைக்கிற ஏவலாள்! மடத்தில் அவனுக்கு லாரன்ஸ் சகோதரர் என்று பெயர் வைத்தார்கள். இனி நாமும் மரியாதையாக 'அவர்' என்றே சொல்லுவோம்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நேரே சமையற்கட்டுக்குப் போய்விடுகிறார்கள். பாத்திரச் சத்தத்தின் நடுவிலும் ஆண்டவனோடு பேசிக்கொண்டிருந்த சாந்த சொரூபி என்று ஒரு சித்திரம் தீட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சாந்தத்தைவிட, அதற்கு முன்னால் அவர் பட்ட பாடுதான் பெரிதாகத் தெரிகிறது. முதல் பத்து வருஷம் அவர் மனத்துக்குள் மிகவும் துன்பப்பட்டார். அவருடைய கடிதமே இதற்குச் சாட்சி. நான்கு வருஷ காலம், தமக்கு நரகம்தான் நிச்சயம் என்று நம்பிக்கொண்டிருந்தார். உலகத்து மனிதர்கள் அத்தனை பேரும் கூடி வந்து சொல்லியிருந்தாலும் அந்த எண்ணத்தை மாற்றியிருக்க முடியாதாம்.

இது அவருடைய தனிப்பட்ட பைத்தியம் அல்ல. அவர் மடம் புகுந்த அதே 1640-ல்தான் ஜான்சன் என்ற பிஷப்பின் 'அகஸ்தினுஸ்' நூல், அவர் இறந்தபின், வெளியாயிற்று. ரட்சிப்பு முழுக்க ஆண்டவனுடைய கிருபை, மனிதன் தன் முயற்சியால் அதைச் சம்பாதிக்க முடியாது என்பது அதன் சாரம். பிரான்சின் பண்டிதர்கள் இரு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். 1653-ல் போப் ஐந்து கொள்கைகளைக் கண்டித்தும் சண்டை ஓயவில்லை. பண்டிதர்கள் லத்தீனில் தர்க்கம் செய்த அந்தக் கேள்வி இந்த எளிய மனிதருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

அவர் எப்படி மீண்டார்? மோட்சம் நிச்சயம் என்று யாரும் அவருக்கு உறுதி கொடுக்கவில்லை. 'நான் ஆண்டவன்மேல் உள்ள அன்பினால்தானே இங்கே வந்தேன்? நரகமோ மோட்சமோ, சாகும் வரையில் அந்த அன்புக்காகவே வேலை செய்துவிட்டுப் போகிறேன்' என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தார். இந்தத் தொல்லை ஆயுள் முழுதும் இருந்தாலும் இருக்கட்டும் என்று அவர் துணிந்த பிறகுதான், திடீரென்று மனம் மாறிப் போயிருப்பதைக் கண்டார். சீடன் என்ற சொல்லுக்கு எத்தனையோ வியாக்கியானம் உண்டு. கூலியைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்ட ஊழியன் என்பது இவர் வாழ்ந்து காட்டிய வியாக்கியானம்.

இதன்பின் சமையற்கட்டைப் பார்த்தால் விஷயம் புரியும். இயல்பாகவே அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது. அந்த வேலையைப் பதினைந்து வருஷம் செய்தார். பிரார்த்தனை நேரம், மற்ற நேரம் என்ற பேதம் தமக்கு இல்லை என்றார். தவறு செய்தால், 'என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன்' என்று ஆண்டவனிடமே சொல்லிவிட்டு, மேற்கொண்டு புலம்பாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

மடத்துக்காகத் திராட்சை மது வாங்கி வர அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் ஊனம். படகில் பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டுதான் இடம் பெயர முடிந்தது. 'இது உம்முடைய காரியம்' என்று ஆண்டவனிடம் சொல்லிவிட்டார். காரியமும் நன்றாகவே முடிந்ததாம். நாவலில் எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள். ஆனால் 1666-ல் அவரைச் சந்தித்து உரையாடிய போஃபோர் என்ற பாதிரியார் இதைக் குறித்து வைத்திருக்கிறார். 1691-ல் லாரன்ஸ் காலமானார். அந்தக் குறிப்புகளையும் கடிதங்களையும் சேர்த்து 1692-லும் 1694-லும் போஃபோர் நூல்களாக வெளியிட்டார்.

பின்னால் கத்தோலிக்க பிரான்சில் அந்த நூல்கள்மேல் சந்தேகம் விழுந்தது. அவரைச் சான்று காட்டிய ஃபெனலோன் என்ற ஆர்ச்பிஷப்பின் கருத்துகளை 1699-ல் போப் கண்டித்ததே காரணம். பிராட்டஸ்டண்டுகள் அவற்றை எடுத்துப் போற்றினார்கள். அந்த ஃபெனலோன், கடும் நோயில் கிடந்த லாரன்ஸை நேரில் போய்ப் பார்த்தவர். இருவரும் மரணத்தைப் பற்றிப் பேசினார்கள். நோயாளி மிகவும் உற்சாகமாக இருந்தார் என்று அவர் எழுதியிருக்கிறார்.